எழுத்து வருவாயும் எங்கள் ஊர்க் கண்மாயும்

"எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. தீர்ப்புக் கூறும் அளவுக்கு எனக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லை. ஆயினும், மூன்று ஆண்டுகளாகக் கதை, கட்டுரை எழுதியும், மெய்ப்புத் திருத்தியும் படிப்புச் செலவைப் பார்த்துக் கொள்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வருவாய் குறைவு என்பதைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமையே எழுதுபவனுக்குப் பெரிய இடர்.

முதலாண்டில் ஒரு வார இதழில் என் கதை வெளிவந்தது. சன்மானம் வந்துவிடும் என்று நம்பி, கடன் வாங்கி நண்பர்களுக்குச் சிற்றுண்டி வாங்கித் தந்தேன். பணம் வந்ததோ ஐந்து மாதம் கழித்து! இடையில் தேர்வுக் கட்டணம் கட்ட, அம்மா தம் தோட்டை அடகு வைத்தார். கதை அச்சாகும் நாள் வேறு, காசு கைக்கு வரும் நாள் வேறு என்பதை அன்று கற்றேன்.

பெரியவர்களும் இத்துன்பத்திற்குத் தப்பவில்லை. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை விட்டபின் திரைத்துறையை நாடினார். சொந்தப் பட நிறுவனமும் கைகொடுக்கவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே சென்றவர் காசநோயுடன் திரும்பி, 1948இல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது 2002இல். திறமைக்கா அவரிடம் குறைவு? நிலையான வருவாய்க்குத்தான் குறைவு.

எங்கள் குளத்தூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கி, மடை வழியே அளவாக விட்டுத்தான் பயிரைக் காப்பாற்றுகிறோம். "பெய்த அன்றே திறந்துவிட்டால் தை மாதம் கதிர் காயும்" என்பார் என் அப்பா. அந்த முறையையே நான் பணத்துக்கும் கைக்கொண்டேன்.

முதலாவது, வரும் தொகை அனைத்தும் ஒரே சேமிப்புக் கணக்கில் சேரும். சென்ற ஆண்டு 36,000 ரூபாய் வந்தது. மாதச் சராசரி 3,000. நான் எடுப்பதோ 2,000தான். வரும் ஆண்டும் அவ்வளவு வரும் என்பதற்கு உறுதி ஏது? தீபாவளி மலர்க் காலத்தில் கூடுதலாக வந்தாலும் இந்த அளவை மீறுவதில்லை.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு. படைப்பை அனுப்பிய நாள், வெளிவந்த நாள், பணம் வந்த நாள் மூன்றையும் எழுதுவேன். வந்ததை மட்டுமே வரவாகக் கொள்வேன். இரண்டு மாதம் கடந்தால் பணிவாக ஒரு நினைவூட்டுக் கடிதம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது உழைப்பின் கூலி. வரி பிடித்திருந்தால் அதையும் குறித்து வைக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்து, மிகுதியாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம்.

மூன்றாவது, சேமிக்கும் இடம். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதந்தோறும் கட்ட வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதியிலோ ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் குறையாமல், கையில் உள்ளபோது கட்டலாம். ஆனால் அது 15 ஆண்டுத் திட்டம். ஆகவே, மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் நிறுத்திய பிறகே அதை நாட வேண்டும்.

சென்ற தைப் பொங்கலுக்கு முன் அம்மாவின் தோட்டை மீட்டுவிட்டேன். அந்த மாதம் எனக்கு ஒரு காசுகூடச் சன்மானம் வரவில்லை. மீட்ட பணம் ஐப்பசியில் தேக்கியது!

எழுத விரும்பும் நண்பர்களே, தயங்காமல் எழுதுங்கள். பேனாவை எடுக்கும் முன்னரே மடையைக் கட்டி வையுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்