பிண்ணாக்கும் பாலின் குணமும்

கறவை மாட்டின் தீனி பாலின் குணத்தைப் பெரிதும் மாற்றவல்லது. பருத்திக்கொட்டை தின்னும் மாட்டின் வெண்ணெய் கெட்டியாயிருக்கும். கடலைப் பிண்ணாக்கு மிகுந்தால் சற்று இளகும். இவை பதத்தைப் பற்றியவை. ஆரோக்கியத்தைப் பற்றியது வேறொன்று உண்டு.

தேவிபட்டினம் போன்ற கடற்கரைக் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகுதி. அப்பொழுது வெறுந்தரையில் அடுக்கிய கடலைப் பிண்ணாக்கில் எளிதில் பூசணம் பிடிக்கும். அப்பூசணம் அப்ளடாக்ஸின் என்னும் விஷத்தை உண்டாக்கக் கூடும். 1960-ல் இங்கிலாந்தில் இத்தகைய பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதன் பின்னரே இவ்விஷம் கண்டறியப்பட்டது.

மாடு நோயின்றித் தோன்றினும், விஷத்தின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் அழியாது. அது ஈரலைக் கெடுப்பது. பாலையே நம்பி வளரும் குழந்தைகளுக்கு அபாயம் அதிகம். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தலை இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒருவர் கொணரும் பால் சங்கத்தின் பால் முழுவதோடும் கலப்பதால், ஒரு வீட்டின் அசட்டை எல்லோரையும் சாரும்.

ஆகையால் அங்கத்தினர்கள் மழைக்காலத்தில் பிண்ணாக்கைச் சிறுகச் சிறுக வாங்குதல் நன்று. மூட்டைகளைப் பலகைமீது, சுவரில் ஒட்டாமல் அடுக்குக. பூசணம் கண்டதைத் தட்டி உலர்த்தி மாட்டுக்கு இடுதல் தகாது. வெயிலில் பூசணம் மடியினும் விஷம் முற்றும் நீங்காது. அதை எருக்குழியில் இடுக. கெட்ட தீனியை நிறுத்திய சில நாட்களில் பால் சுத்தமாகும். ஒரு மூட்டைப் பிண்ணாக்கின் நஷ்டம், குழந்தைகளின் தேக நலத்திற்கு முன் பெரிதன்று.