உஷார்! பாலத்தை நகர்த்தப் போகிறார்களாம்

ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாலத்தைப் பார்த்து ஒரு நகரம் "இது இங்கே வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தால், ஊர்க்காரர்கள் அன்றிலிருந்தே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் வருஷக்கணக்காக நடப்பது இதுதான்.

மயாமிக்குச் சற்று வடக்கே இருக்கும் ஊர். நட்டநடுவில் நியூ ரிவர், அதன்மேல் ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வேயின் தூக்குப்பாலம். இறக்கிவிட்டால் தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவே வெறும் 4 அடிதான். மேலே கூட்ஸ் வண்டிகள். போதாததற்கு 2018 முதல் பிரைட்லைன் பயணிகள் ரயில். 2023 செப்டம்பரில் அது ஆர்லாண்டோ வரை நீண்டது. கீழே, மேற்கே இருக்கும் பட்டறைகளுக்குப் பழுதுபார்க்கப் போகும் ராட்சத உல்லாசப் படகுகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இழுவைப் படகு கட்டி, தேரை முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற மாதிரி வளைவுகளில் திருப்பிக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் பார்த்துப் பாலம் இறங்கினால், நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

எரிச்சல் நியாயமானது. அதனால்தான் மேயர் டீன் டிரன்டாலிஸ் ரயிலை ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் விடச் சொல்கிறார். மாவட்ட நிர்வாகத்தின் சாய்வு உயரமான பாலத்தின் பக்கம். சுரங்கத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறை போட்ட கணக்கு 300 கோடி டாலருக்கு மேல். பாலமோ ரயில் கம்பெனியின் சொத்து. எப்போது திறக்க வேண்டும் என்று விதி போடுவது கடலோரக் காவல்படை. ஆக, நகர்த்தச் சொல்கிறவர் கையில் பாலமும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. இன்னொன்று: இதே ஆற்றுக்கு அடியில் 1960-லேயே கார்களுக்கு ஒரு சுரங்கம் வெட்டியாயிற்று. 2023 ஏப்ரல் 12-ஆம் தேதி ஒரே நாளில் ஏறக்குறைய 26 அங்குல மழை கொட்டியபோது அதையும் மூட வேண்டி வந்தது.

சுரங்கமோ பாலமோ, அதை அவர்கள் பேசி முடிக்கட்டும். எனக்குக் கிலி பிடிப்பது நடுவில் கிடக்கும் வருஷங்களை நினைத்துத்தான். எப்படியும் போகப்போகிற பாலத்துக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்?

பாம்பனைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உலகத்திலேயே இரும்பை அதிகம் அரிக்கும் இடம் மயாமி, அடுத்தது பாம்பன் என்று நம் ரயில்வே வட்டாரத்தில் சொல்வது வழக்கம். அங்கே 1914-ஆம் வருஷத்துப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதியது கட்ட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். புதியது முடியவில்லை, அதற்குள் 2022 டிசம்பரில் பழையதன் தூக்குப் பகுதி இனி தாங்காது என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. மூட்டை முடிச்சோடு வழியிலேயே இறங்கி, பஸ் பிடித்துத்தான் போனார்கள் ஜனங்கள்.

பாம்பனில் மாற்று எங்கே, எப்படி என்பதாவது முடிவாகிக் கட்டுமானமும் நடந்துகொண்டிருந்தது. ஃபோர்ட் லாடர்டேலில் மேலா, அடியிலா என்பதிலேயே இழுபறி. அந்த ஊர்க்காரர்களே, அடுத்த கூட்டத்தில் சுரங்கத்தின் வண்ணப்படத்தைக் காட்டுவார்கள். அசந்துவிடாமல், இப்போதிருக்கும் பாலத்தின் மோட்டாருக்கும் கீலுக்கும் இந்த வருஷம் யார், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கேளுங்கள். அது பாதியில் சிக்கிக்கொண்டால் மேலே ரயிலும் நிற்கும், கீழே படகும் நிற்கும்.