ஓட்டை எங்கே? தண்ணீரையே கேளுங்கள்!

மழை விட்ட சாலை. முன்னால் போகும் லாரி சேற்றை வாரி இறைக்கிறது. கார் ஓட்டுபவர் வைப்பர் லீவரை இழுக்கிறார். கண்ணாடிமேல் சர்ரென்று தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லை, மோட்டார் மட்டும் 'உய்ங்' என்கிறது. முந்தின நாள்தானே டேங்கை நிரப்பினார்? தண்ணீர் எங்கே போயிற்று?

பானெட்டைத் திறந்தால் அந்த வாஷர் டேங்கின் மூடியைப் பார்க்கலாம். கண்ணாடியில் தண்ணீர் தெளிப்பது போன்ற சின்னப் படம் அதன்மேல் இருக்கும். டேங்கின் பெரும்பகுதியோ பல கார்களில் முன் சக்கரத்துக்கும் பம்பருக்கும் இடையில் மறைந்திருக்கும். அதன் அடியில் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு குட்டி பம்ப். பம்பைச் செருகியிருக்கும் துளையில் நீர் கசியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். பம்பிலிருந்து கண்ணாடி வரை ஒரு மெல்லிய டியூப். அவ்வளவுதான். டேங்க், வளையம், பம்ப், டியூப் என்ற நான்கில் ஏதோ ஒன்றுதான் ஒழுகுகிறது. எது?

பம்பரைக் கழற்றுவதற்கு முன்பு கொஞ்சம் துப்பறியலாம். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினாலே டேங்க் ஓட்டை என்று சொல்லிவிட முடியாது. ஏ.சி. ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகிச் சொட்டும். அது பழுதே அல்ல. எனவே டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்துவிடுங்கள். சொட்டுகிற நீரில் அந்த நிறம் தெரிந்தால் ஆள் அகப்பட்டார்.

அடுத்த கேள்வி: எப்போது ஒழுகுகிறது? லீவரை இழுக்கும்போது மட்டும் என்றால் டியூபில்தான் கோளாறு. பம்ப் நீரைத் தள்ளும்போதுதானே டியூபில் அழுத்தம் ஏறுகிறது! கார் சும்மா நிற்கும்போதும் ஒழுகினால் டேங்க்மீதோ, ரப்பர் வளையத்தின்மீதோ, பம்பின்மீதோ சந்தேகப்படலாம். இங்கேதான் தண்ணீரே சாட்சி சொல்கிறது. டேங்கை நிரப்பி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பாதியளவில் ஒழுகல் நின்றுவிட்டால் அந்த மட்டத்தில்தான் விரிசல். ஏறக்குறைய முழுவதும் காலியானால் ஓட்டை அடியில். ஓட்டைக்குக் கீழே இருக்கும் தண்ணீர் தானாக ஏறி வந்து வெளியே குதிக்காது அல்லவா?

பெரும்பாலும் முதலில் அகப்படுவது அந்த ரப்பர் வளையம்தான். பாவம், அது இருக்கும் இடம் அப்படி. இந்த வகை பம்ப் தண்ணீரில் நனைந்தே இருக்க வேண்டும். மேலே வைத்தால் வெறும் காற்றை இழுத்து நீரை ஏற்ற அதற்குத் தெம்பில்லை. அதனால் அடியில் பொருத்துகிறார்கள். ஆனால் தண்ணீரின் அழுத்தம் மிக அதிகமாக இருப்பதும் அடியில்தான். போதாக்குறைக்கு எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்து ரப்பர் விறைத்துப்போகிறது. விறைத்த ரப்பரால் துளையை இறுக்கிப் பிடிக்க முடியாது.

ஆழத்தில் இருக்கும் ஓட்டையிலிருந்து நீர் எவ்வளவு வேகமாக வரும்? கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருடன் இருந்த டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை சொன்னார். நீரின் மேல்மட்டத்திலிருந்து ஓட்டை வரை ஒரு பொருள் விழுந்தால் என்ன வேகம் பெறுமோ, அதே வேகத்தில் நீர் வெளியேறும். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். 5 சென்டிமீட்டரில் சுமார் 1 மீட்டர். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான்!

செய்து பார்ப்போமா? பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் அடியிலிருந்து 5, 10, 15 சென்டிமீட்டர் உயரங்களில் ஒரே அளவான துளைகள் போட்டு டேப் ஒட்டுங்கள். (துளை போடப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.) சமமான தரையில் வைத்து, 20 சென்டிமீட்டர் வரை நீர் நிரப்பி, ஒரு டேப்பை மட்டும் எடுங்கள். அடுத்த துளைக்கு மறுபடியும் அதே அளவு நிரப்புங்கள். அடித்துளை நீர்தான் அதிகத் தூரம் பாயும் என்று படம் போட்ட புத்தகங்கள் உண்டு. தரையில் வைத்தால் அந்தப் படம் தப்பு! நடுத்துளை நீர்தான் தூரம் போகும். அடித்துளை நீருக்கு வேகம் உண்டு, ஆனால் பாய்வதற்குள் தரை வந்துவிடுகிறது. மேல்துளை நீருக்கு நேரம் உண்டு, வேகம் போதாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவதைப் பாருங்கள்.

சரி, பழுது பார்ப்பது எப்படி? வளையம் போயிருந்தால் புது வளையம். சோப்புத் தண்ணீர் தொட்டுச் செருகினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். டியூப் கழன்றிருந்தால் மாட்டிவிடலாம். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். டேங்கில் விரிசல் என்றால்தான் தொல்லை. பல டேங்குகள் பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலீனால் ஆனவை. தாமரை இலைமேல் தண்ணீர் போல, சாதாரணப் பசை இவற்றின்மேல் பரவிப் பிடிக்காமல் நிற்கும். காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டவைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உண்டு. சூடும் புகையும் வருகிற வேலை, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். என்னைக் கேட்டால், விரிசல் நீளமாக இருந்தால் டேங்கை மாற்றுவதே நல்லது.

குளிர்ப் பிரதேசங்களில் வேறொரு ஆபத்து இருக்கிறது. லடாக்கின் லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்கு மிகவும் கீழே போகும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும், டேங்கே வெடிக்கலாம். அதனால் அங்கெல்லாம் உறையாத வாஷர் திரவம் ஊற்றுகிறார்கள். அதில் மெத்தனால் போன்ற நச்சுகள் இருக்கக்கூடும். ஜூஸ் போல அழகான நிறத்தில் இருந்தாலும் தொடாதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பக்கத்திலுள்ள ரேடியேட்டர் மூடியையும் திறக்கவே கூடாது.

கடைசியாக ஒரு புதிர். அந்தப் பாட்டிலில் ஒரு துளை வழியாக மட்டும் நீர் பாயும்போது, மேல்மூடியை இறுக்கி மூடுங்கள். சிறிது நேரத்தில் என்ன நடக்கிறது? வாஷர் டேங்கின் உள்ளே காற்று போக வழி விட்டிருப்பது ஏன் என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது. கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள்.