குடும்பத்தோடு தரைவழி நெடும்பயணம்: காரைக்கால், மாஹே, ஏனாம்

சொந்த வாகனத்தையே படுக்கையறையாகவும் சமையலறையாகவும் கொண்டு, பல நாள்கள் சாலைவழியே சென்று, வழியில் தங்கித் திரும்பும் பயணமுறை ஓவர்லேண்டிங் எனப்படுகிறது. 1955இல் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் புறப்பட்டு அடுத்த ஆண்டு சிங்கப்பூரை அடைந்த ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இம்முறையைப் பலரும் அறியச் செய்தனர். 1969இல் பாரிசிலிருந்து தரைவழியாகவே ஒரு வாகன அணி ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள ஆஸ்பிரேஷன் குடியிருப்பு அவர்கள் தங்குவதற்காகவே எழுந்தது.

பிள்ளைகளோடு இப்பயணத்தைப் புதிதாகத் தொடங்க விரும்பும் புதுச்சேரிக் குடும்பத்துக்கு, பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நிலப்படமே படிப்படியான பாடத்திட்டமாக அமைந்திருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த இந்த ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களும் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கின்றன. பிஒய் 01 என்று பதிவெண் தாங்கிய புதுச்சேரி வண்டி பிஒய் 02 ஆகிய காரைக்காலை அடைய ஏறத்தாழ 130 கிலோமீட்டரும், பிஒய் 03 ஆகிய மாஹேயை அடைய 600 கிலோமீட்டருக்கு மேலும், பிஒய் 04 ஆகிய ஏனாமை அடையச் சுமார் 800 கிலோமீட்டரும் பிற மாநிலங்களின் வழியே ஓடவேண்டும். இந்த வரிசையிலேயே பயணங்களை மேற்கொள்வது நல்லது.

இதற்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், மூன்று வழிகளும் தார்ச்சாலைகளே ஆகையால் வீட்டில் இருக்கும் கார் போதும், கவனிக்கவேண்டியது எடைதான். ஒவ்வொரு வாகனத்துக்கும் பயணிகளும் சாமான்களும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை ஒன்றைத் தயாரிப்பாளர் வகுத்திருக்கிறார். வண்டியின் வெற்றெடையை அதிலிருந்து கழித்தால் கிடைப்பது சுமைத்திறன். சாதாரணக் குடும்பக் காரில் இது பெரும்பாலும் 400 முதல் 500 கிலோவுக்குள் அடங்கிவிடும். பெற்றோரும் இரு பிள்ளைகளும் சேர்ந்து 220 கிலோ என்றும், இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு 40 கிலோ என்றும் கொண்டால், கூடாரம், அடுப்பு, பாய், துணிமணி, கருவிகள் ஆகிய அனைத்துக்கும் எஞ்சும் இடம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

கூரைச்சுமை இதனினும் கண்டிப்பான கணக்கு. பல கார்களில் கூரை தாங்கும் அளவு, கம்பிச்சட்டத்தையும் சேர்த்து, 50 முதல் 75 கிலோவே. விளம்பரங்களில் மனத்தைக் கவரும் கூரைக்கூடாரமோ தானே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். உயரத்தில் ஏறிய எடை வண்டியின் புவியீர்ப்பு மையத்தை மேலே தூக்குவதால், வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. திடீரெனத் திருப்பினால் கவிழும் ஆபத்தும் கூடுகிறது. எனவே தொடக்கநிலையில் தரையில் விரிக்கும் கூடாரமே பாதுகாப்பானது. கனமான கேன்களைப் பின்னிருக்கையை ஒட்டி, தளத்தோடு தளமாக, நகராதபடி கட்டிவைக்கவேண்டும்.

காரைக்கால் பயணம் இரண்டு நாள் பயிற்சி. கடலூர், சிதம்பரம் கடந்து, கொள்ளிடத்தைத் தாண்டி, சீர்காழி, தரங்கம்பாடி வழியாகச் செல்லும் இப்பாதையில், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் சில மணிநேரம் கழித்தாலும் பொழுது சாயுமுன் தங்குமிடத்தை அடைந்துவிடலாம். எந்தப் பொருள் தேவைப்பட்டது, எது கடைசிவரை பையிலிருந்தே எடுக்கப்படவில்லை, பிள்ளைகள் எத்தனை மணிநேரத்தில் சலிக்கிறார்கள் என்பவையெல்லாம் இங்கேயே தெரியவரும். வீட்டிலிருந்து மூன்று நான்கு மணிநேரத் தொலைவில் நேரும் தவறு எளிதில் திருத்தக்கூடியது. உரிமையாளரின் ஒப்புதலோடு தோப்பிலோ விடுதி வளாகத்திலோ கூடாரம் அடிக்கலாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றித் தங்கக்கூடாது. சனவரி முதல் சில மாதங்கள் சோழமண்டலக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதால் மணலில் வண்டியை இறக்குவதும் விளக்கு ஏற்றுவதும் தகாது.

சமையலுக்கு ஐந்து கிலோ சிறு சிலிண்டர் போதும். அதிலுள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பரவாமல் தரையோடு தேங்கி, சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குபவர்களைக் கொன்றுவிடும். மழை பெய்தாலும் அடுப்பு வெளியில்தான் இருக்கவேண்டும் என்பதில் எந்தச் சலுகையும் கூடாது.

மாஹே பயணத்தில் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிவிடும் பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்வதால், கொண்டை ஊசி வளைவுகளில் சுமையேற்றிய வண்டியை ஓட்டும் சிரமம் குடும்பத்துக்கு இல்லை. ஆனால் பருவம் மாறுகிறது: புதுச்சேரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், மாஹேக்கு சூன் முதல் செப்டம்பர் வரையும் பெருமழைக்காலம் என்பதால், சனவரியும் பிப்ரவரியும் இரு கரைக்கும் ஒத்த மாதங்கள். நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்குமேல் ஓட்டாமல், சேலம் பக்கம் ஓர் இரவும் கணவாயை ஒட்டி ஓர் இரவும் தங்கிச் செல்வது பிள்ளைகளுக்கு ஏற்றது.

மாஹேக்கு வடக்கே, தலச்சேரிக்கும் கண்ணூருக்கும் இடையிலுள்ள முழப்பிலங்காடு, வாகனங்கள் ஓட்ட இசைவுள்ள கடற்கரை. நீர் வற்றியபின் ஈரமணல் இறுகிக் கிடப்பதால் அங்கே சாதாரணக் காரும் ஓடும். உலர்ந்த மேல்மணலில் அதே கார் புதையும். டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் அது தரையில் பதியும் பரப்பு நீண்டு, எடை பகிரப்பட்டு, புதைவு குறைகிறது. 32 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருப்பதை 20 அளவுக்கு இறக்குவது வழக்கம். அதற்கும் கீழே போனால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடிக்காவிட்டால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும் என்பதால், காரின் மின்சாரத்தில் இயங்கும் சிறு காற்றடிப்பானைக் கையோடு வைத்திருக்கவேண்டும்.

ஏனாம் இவற்றுள் நீண்ட பாடம். கௌதமி கோதாவரிக் கரையிலுள்ள இவ்வூரையும், அதற்கும் காக்கிநாடாவுக்கும் இடையில் விரியும் கோரிங்கா அலையாத்திக் காட்டையும் நிதானமாகக் காணப் போகவர ஒரு வாரத்துக்குக் குறையாமல் வேண்டும். புயல்கள் உருவாகும் அக்டோபர், நவம்பரைத் தவிர்க்கவேண்டும். இதை முடித்த குடும்பம் நாட்டெல்லையையும் நினைத்துப் பார்க்கலாம். நேபாளத்துக்கு இந்திய வண்டியைக் கொண்டுசெல்ல, எல்லைச் சுங்கச்சாவடியில் நாள் கணக்கில் கட்டணம் செலுத்திப் பன்சார் என்னும் அனுமதிச்சீட்டைப் பெறவேண்டும். அதற்கப்பாலுள்ள பல நாடுகள், வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவதற்குப் பிணையாக, கார்னே எனப்படும் சுங்க உறுதி ஆவணத்தைக் கேட்கின்றன. பெருந்தொகையை ஈடாகக் கட்டிப் பெறவேண்டிய ஆவணம் அது.