கதை சொல்ல இரண்டு இறந்தகாலங்கள்

நடந்ததைக் கூறத் தமிழில் ‘வந்தான், உண்டான், உறங்கினான்’ என அடுக்கிக்கொண்டே போகலாம். ஸ்பானிய மொழியில் கதை சொல்லப் புகுவோர்க்கோ முற்றுப்பெற்ற வடிவம், முற்றுப்பெறாத வடிவம் என இறந்தகாலத்தில் இரண்டு வேண்டும். இவற்றை இடமறிந்து ஆளாவிடின், ஆயிரம் சொற்களை அறிந்தும் பயனில்லை.

சிறு கதையொன்றைக் காண்போம். மழை பெய்தது, முதியவர் உறங்கினார், கள்வன் நுழைந்தான், நாய் குரைத்தது. ஸ்பானியர் முதலிரண்டை ‘யோவீயா’, ‘தொர்மீயா’ என முற்றுப்பெறாத வடிவிலும், பின்னிரண்டை ‘எந்த்ரோ’, ‘லாத்ரோ’ என முற்றுப்பெற்ற வடிவிலும் கூறுவர். மழையும் உறக்கமும் கதையின் களம். நுழைந்ததும் குரைத்ததும் கதையை நடத்தும் நிகழ்ச்சிகள்.

நெடுநேரம் நீடித்த செயலுக்கே முற்றுப்பெறாத வடிவம் உரியது என எண்ணுவர் சிலர். அது பிழை. ‘லிமாவில் பத்தாண்டு வாழ்ந்தான்’ என்பதற்கு முற்றுப்பெற்ற ‘விவியோ’வே வரும், பத்தாண்டும் ஓர் எல்லையுள் அடங்கி முடிந்தன அன்றோ! ‘நான் அவனைக் கண்டபோது லிமாவில் வாழ்ந்துவந்தான்’ எனின் ‘விவீயா’ ஆகும். எனவே காலத்தின் நீளம் அன்று, சொல்வோர் செயலை நோக்கும் நிலையே வடிவை முடிவு செய்கிறது. ஆந்திரேஸ் பெல்யோ என்னும் அறிஞர், சிலி நாட்டில் 1847ஆம் ஆண்டு வெளியிட்ட இலக்கண நூலில், இம்முற்றுப்பெறாத வடிவிற்கு ‘உடனிகழ் இறந்தகாலம்’ எனப் பொருள்படும் பெயரிட்டது இதனை நன்கு விளக்கும்.

தமிழ் மாணவர் ‘கொண்டிருந்தாள்’ என முடிவதே இவ்வடிவிற்கு நிகர் எனக் கருதலாகாது. ‘அந்நாளில் பாட்டி இரவுதோறும் கதை சொல்வாள்’ என எதிர்கால வினையால் பழைய வழக்கத்தைக் கூறுகிறோமே, அதற்கும் முற்றுப்பெறாத ‘கொந்தாபா’வே உரியது.

வடிவம் மாறின் சில வினைகளின் பொருளே மாறும். ‘சாபீயா’ எனின் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ‘சூப்போ’ எனின் அப்போதுதான் தெரியவந்தது. ஒருவன் குற்றத்தை அறிந்தும் மறைத்தானா, பின்னரே அறிந்தானா என்பது இவ்வொரு சொல்லால் வேறுபடும்.

முற்றுப்பெறாத வடிவில் ஒழுங்கு பிறழும் வினைகள் மூன்றே: இருத்தல், போதல், காண்டல். ஆதலின் உருவம் எளிது, ஆளுதலே அரிது. கற்பிப்போர் முதலில் வாய்பாட்டைத் தராமல், ஒரு கதையைத் தந்து, ‘இதில் களம் எது? நிகழ்ச்சி எது?’ என வினவுவாராக. விடை கண்ட மாணவனுக்கு வாய்பாடு பின்னர் எளிதில் வசப்படும்.