இன்ச் டேப்போடு வருகிறவர்கள்

சென்னை மெரினாவில் சாலையை விட்டு இறங்கினால், அலையைத் தொட ஐந்து நிமிட மணல் நடை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ முதல் பத்தடியிலேயே முன்சக்கரம் மணலில் புதைந்துவிடும். பின்னால் தள்ளுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் அதற்கு மேல் நகராது. நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் கடலில் கால் நனைக்காமலே பலருக்கு வயதாகிவிட்டது இப்படித்தான்.

2022 நவம்பர் 27 அன்று அங்கே 263 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். சக்கர நாற்காலிகள் அலைக்கு அருகே போய் நின்ற படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது பாதையின் ஒரு பகுதி பெயர்ந்துபோனது. மாநகராட்சி அதைச் சரிசெய்து மறுபடியும் திறந்துவிட்டது.

அந்தப் படங்களில் தெரியாத ஒரு கதை உண்டு. 'டிசபிலிட்டி ரைட்ஸ் அலையன்ஸ்' என்பது மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டணி. கடற்கரைக்குப் பாதை வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் கிடைத்தது தற்காலிகப் பாதை. உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில நாட்களுக்குப் போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். வருடத்தில் சில நாள் மட்டும் திறக்கிற கடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர்கள் விடவில்லை. மனு, சந்திப்பு, மறுபடியும் மனு. நிரந்தரப் பாதை அப்படி வந்ததுதான்.

இந்தத் தன்னார்வலர்களின் முக்கியமான ஆயுதம் கோஷமோ பதாகையோ இல்லை. தையல்காரர் கடையிலும் கொத்தனார் பையிலும் இருக்கிற அந்த இன்ச் டேப்தான். ஒரு கட்டடத்துக்கோ பேருந்து நிலையத்துக்கோ அவர்கள் குழுவாகப் போகிறார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், வெள்ளைக் கோலோடு ஒருவர், காது கேளாத ஒருவர் என்று பலரும் அந்தக் குழுவில் இருந்தால்தான் வேலை சரியாக நடக்கும். ஒருவருக்குத் தெரியும் இடைஞ்சல் இன்னொருவருக்குத் தெரியாது. இதற்கு 'ஆக்சஸ் ஆடிட்' என்று பெயர். தமிழில் அணுகல் தணிக்கை என்கிறார்கள்.

அளந்து பார்க்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. சாய்தளம் கட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு அடி உயரம் ஏற, குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்று இருந்தால் சாய்தளம் ஆறடி. மூன்று படி இருந்தால் பதினெட்டு அடி. நம் ஊர் வங்கி வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று படிகளின் பக்கத்தில் நாலைந்து அடியில் ஒரு சிமென்ட் சரிவு. அதில் ஸ்கூட்டரைத்தான் ஏற்றலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் கையால் உருட்டி ஏற முடியாது. இறங்கினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தால் மழைநாளில் இன்னும் மோசம். ஆனால் அலுவலகக் கோப்பில் 'சாய்தளம் உள்ளது' என்று டிக் அடித்திருக்கும்.

கழிப்பறையும் இப்படித்தான். வாசல் 90 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும், உள்ளே நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். இரண்டும் இருந்து, அறை பூட்டிக் கிடக்கும். உள்ளே துடைப்பமும் பினாயில் கேன்களும். நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் கற்களிலும் ஒரு மொழி இருக்கிறது. நீளக் கோடு இருந்தால் 'நட', புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. பார்வையற்றவர் கோலாலும் பாதத்தாலும் அதைப் படிக்கிறார். அது அழகுக்காகப் பதித்த கல் என்று நினைத்துவிட்டால், கோடு நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முட்டி நிற்கும். பைக் ஏறாமல் இருக்க நடைபாதை முகப்பில் நட்ட குத்துக்கற்கள், சக்கர நாற்காலியையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. கட்டியவர்களிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. பயன்படுத்தப்போகிறவரை யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை, அவ்வளவுதான். கட்டி முடித்த பிறகு இடித்துத் திருத்தும் செலவு மட்டும் பொதுப்பணத்திலிருந்து போகிறது.

பேருந்து விஷயத்தில் சண்டை நீதிமன்றம் வரை போனது. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்தில் அது 40 சென்டிமீட்டர். சாய்தளப் பலகையை நீட்டினால் சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போய்விடும். மழைநீர் தேங்கும், சாலை சரியில்லை, விலை அதிகம் என்று அரசுத் தரப்பில் பல தடைகள் சொல்லப்பட்டன. 'தி பேன்யன்' அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்காக விடாமல் வழக்காடினார். 2024 ஆகஸ்ட் 4 அன்று 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. முழங்கால் வலிக்கிற பாட்டிக்கும், கைக்குழந்தையோடு ஏறுகிற தாய்க்கும் அதே பேருந்து எவ்வளவு உதவுகிறது என்பதை எந்த நிறுத்தத்திலும் நின்று பார்க்கலாம்.

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது. கட்டிய பிறகு நிறைவுச் சான்றும் தரக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு மூன்று மாத கெடு விதித்தது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படியே 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். இத்தனை பேருக்கான விதி, ஒரு மனிதர் பத்தொன்பது ஆண்டு வழக்காடிய பிறகுதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போக வேண்டும் என்றில்லை. கனடாவின் டொரண்டோவில் லூக் ஆண்டர்சன் என்ற பொறியாளர், 2002-இல் மலைச் சைக்கிள் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தவர். கடை வாசலில் இருக்கும் ஒற்றைப் படிதான் ஊரையே தனக்கு மூடுகிறது என்று கண்டுகொண்டு, 2011-இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பலகையில் சின்னச் சாய்தளங்கள் செய்தார். பளிச்சென்ற வண்ணம் அடித்து, கடைக்காரர்களிடம் இலவசமாகக் கொடுத்தார். 'ஸ்டாப்கேப்' என்ற அந்த முயற்சி பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. பலகை, ஆணி, ஒரு விடுமுறை நாள். நம் தெரு மருந்துக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இது முடியாத காரியமா?

உங்கள் குடியிருப்பிலோ கோயிலிலோ பள்ளியிலோ புதிதாக ஏதாவது கட்டப்போகிறார்கள் என்றால், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அந்தப் பகுதி மாற்றுத்திறனாளி ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்துவிட்டதில் தவறு கண்டால், படியின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் அளந்து, படம் எடுத்து, மனுவோடு இணையுங்கள். திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கொடுக்கலாம். அளவு எழுதியிருக்கும் மனுவை ஒதுக்கி வைப்பது கடினம்.