கடற்காற்றை ஏற்கும் பூஞ்செடிகள்

சித்திரை விடுமுறையில் நுவரெலியா சென்று திரும்பும் கொழும்புக் குடும்பங்களின் மோட்டார் வண்டிகளைச் சற்றே நோக்குங்கள். பின்புறத்தில் லீக்சும் கரட்டும் நிறைந்த பைகள்; மடியிலே குழந்தையைப்போல் அணைத்துப் பிடித்த ஒரு பூஞ்சாடி. நீலப் பந்துகளாகப் பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாவாகவோ, இதழ் அடர்ந்த ரோசாவாகவோ அது இருக்கும். தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ வாயிற்படியருகே அது சிறப்புடன் வைக்கப்பெறும். வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் இலைகள் ஓரங் கருகும். ஆனி முடியுமுன் சாடி மட்டுமே எஞ்சும். "எங்கள் வீட்டில் ஒன்றும் வளராது, கைராசி இல்லை" என்று இல்லத்தலைவியார் சலித்துக் கொள்வார்.

கைராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. அங்குக் குளிரில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து, கடலலையின் திவலை காற்றோடு கலந்து வரும் வாயிலில் நிறுத்தினால் அது என்செய்யும்? பூவைக் கண்டு செடியைத் தேர்வதே நம்மவரிடையே வழக்கமாயிற்று. மண்ணையும் காற்றையும் கண்டு செடியைத் தேர்தல் வேண்டும்.

தெஹிவளை சிறிய ஊரேயாயினும் அதன் மண் ஒரு தன்மைத்தன்று. புகையிரதப் பாதையை அடுத்த ஒழுங்கைகளில் மணல் மிகுதி. ஊற்றிய நீர் கணத்தில் கீழிறங்கிவிடும். காலி வீதியைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல, கபுக்கல் கலந்த செம்மண் தோன்றும். இன்னுஞ் சென்றால் 1990ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்ற பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் வந்துவிடும். அப்பகுதியில் மேடாக்கிய காணிகளில் இரண்டடி தோண்டினால் நீர் ஊறுவதும் உண்டு. ஆகவே, கடற்கரை ஒழுங்கையில் உள்ள நண்பர் வீட்டிற் செழித்த செடி, நெடிமாலையில் உள்ள உங்கள் வீட்டிலும் செழிக்கும் என்று எண்ணுதல் பொருந்தாது.

இடம் அறிந்து நடுவதில் அரசாங்கமே அலைந்த கதை ஒன்று உண்டு. கொம்பனித்தெருவில் இன்று கியூ வீதி என வழங்கும் இடத்தையொட்டி, 1810களில் ஆங்கிலேயர் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தனர். சீனாவிலிருந்து செடிகள் பல திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பிப் புகழ் பெற்ற வில்லியம் கெர் என்பார் 1812இல் அதன் பொறுப்பை ஏற்றார். இரண்டே ஆண்டில் இலங்கையிலேயே காலமுமானார். தோட்டம் 1813இல் களுத்துறைக்கும், 1821இல் பேராதனைக்கும் பெயர்ந்தது. பேராதனையில்தான் அது வேரூன்றியது. கெர் பெயரால் வழங்கும் கெரியா என்னும் மஞ்சட் பூஞ்செடி குளிர்நாட்டுத் தோட்டங்களில் இன்றும் பூக்கின்றது. அவர் பணியாற்றிய கொழும்பின் வெப்பத்துக்கு அது ஏற்றதன்று.

இனி, நம் மண்ணுக்குரிய செடிகளை நோக்குவோம். முதலிடம் வெட்சிக்கே உரியது. நாற்று விற்போர் இதனை எக்சோறா என்பர். தொல்காப்பியம் பயிலும் மாணவருக்கு, பகைவர் நிரை கவரச் செல்லும் வீரர் சூடிய பூ என்றவகையில் வெட்சித்திணை நினைவுக்கு வரும். ஆயின் அதே மாணவரை முற்றத்துக்கு அழைத்துச் சென்று வெட்சி எது என்று கேட்டால் விழிப்பர். எக்சோறா என்ற அயற்பெயருங்கூட உண்மையில் அயற்பெயரன்று. ஈசுவரன் என்ற திருநாமமே ஐரோப்பியர் நாவில் திரிந்து இச்செடியின் தாவரவியற் பெயராயிற்று என்பர். சிங்கள மக்கள் இதனை ரத்மல் என்பர். நமக்கு அயலூராகிய இரத்மலானையின் பெயரில் அச்சொல் இன்றும் ஒலிக்கக் காணலாம்.

இப்பெயர்களெல்லாம் உலக ஏட்டில் ஏறிய வரலாறும் கொழும்பைச் சார்ந்ததே. 1670களில் ஒல்லாந்தக் கும்பனியாரின் வைத்தியராக இங்குப் பணிபுரிந்த பௌல் ஹெர்மன், தாம் கண்ட செடிகளை உலர்த்திச் சேகரித்தார். பல்லாண்டுகள் கழிந்தபின் அத்தொகுதி சுவீடன் தேசத்து லின்னேயசின் கைக்குக் கிட்டியது. அதனை ஆதாரமாகக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஹெர்மன் உலர்த்திய செடிகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. முசெண்டா என்று நாம் ஆங்கிலச் சொல்லாகக் கருதும் பெயர் சிங்களப் பெயரே. கடற்கரை மணலில் தானாகவே முளைத்து, பாதி கிள்ளியெடுத்தது போன்ற சிறு வெண்பூப் பூக்கும் தக்கடா என்னும் புதருக்கும் அதன் சிங்களப் பெயரே தாவரவியற் பெயரிற் சேர்ந்துள்ளது.

கடலுக்கு நேர்முகமான வீட்டார் தக்கடாவை இழிவாக எண்ண வேண்டா. மேற்கு வேலியோரம் அதனை ஒரு வரிசை வைத்தால், உப்புக் காற்றை அது முதலில் வாங்கிக்கொள்ளும்; அதன் மறைவில் ஏனைய செடிகள் பிழைக்கும். அவ்விடத்துக்குப் போகன்விலாவும் ஏற்றதே. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி உலகைச் சுற்றிவந்த பயணத்தில், 1767இல், பிரேசில் நாட்டிற் கண்டெடுத்த கொடி அது. நாம் பூவென மயங்கும் வண்ணத்தாள்கள் உண்மையில் இலைகளே. அவற்றின் நடுவில் உள்ள சிறு வெண்குழல்தான் பூ. இதன் குணம் விந்தையானது. பரிந்து பரிந்து நீர் ஊற்றினால் இலையாகவே தழைக்கும். வெயிலில் நிறுத்திச் சற்றே வாட விட்டால் பூத்துக் குலுங்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் இதற்குப் பெரும்பாலும் வானமே நீரூற்றிவிடுகின்றது. நாம் ஊற்றுவது தை, மாசி வறட்சியில் மட்டும் போதும்.

வெட்சிக்கு வருவோம். புது வீட்டு மதிலோரம் நட்ட வெட்சி, ஓராண்டுக்குள் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். உடனே பசளை போதவில்லை என்று முடிவுகட்டி யூரியாவை அள்ளிக் கொட்டுவர். செடிக்குற்ற நோய் அதுவன்று. மேசன்மார் மதிலடியிற் கொட்டிய சீமெந்துக் கழிவும் சுண்ணாம்பும் மண்ணிற் கலந்துவிடுகின்றன. புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் வெட்சி, சுண்ணாம்பு மண்ணிலுள்ள இரும்புச் சத்தை உறிஞ்ச இயலாது தவிக்கின்றது. மதிலிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடி நீள அகல ஆழத்திற் குழி எடுத்து, கட்டடக் கழிவு முழுவதையும் அகற்றி, நல்ல மண்ணோடு கூட்டெருவைச் சமபங்காகக் கலந்து நிரப்பிப் பின் நடுதல் வேண்டும். ஏற்கெனவே மஞ்சளித்த செடிக்கு, நாற்றுக் கடைகளில் விற்கும் இரும்புச் சத்துக் கரைசலை இலைகளில் தெளிக்கலாம். காய்ந்த இலைச் சருகை அடியில் மூடாக்காகப் பரப்பிவர மண்ணும் மெல்ல மெல்லத் திருந்தும்.

செவ்வரத்தையைப் பற்றி நம் தாய்மாருக்கு நான் கூறுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். விடியலில் மலர்ந்து மாலையிற் கூம்பும் அதன் பூ, பூசைத் தட்டுக்கு நாள்தோறும் கிடைப்பது. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: புதுத் தளிரின் நுனியில்தான் அது பூக்கும். நீண்ட கொப்புகளை ஆண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கு கத்தரித்துவிடாத வீட்டில், பூ கூரைக்கு மேலேயே பூக்கும்; பறிக்க ஏணி வேண்டும். மல்லிகையும் அவ்வாறே. நந்தியாவட்டையோ ஏழை வீட்டுப் பிள்ளைபோல் கேளாமலே வளர்வது. அயல் வீட்டு மாடியின் நிழல் விழும் மூலையிலுங்கூடப் பூக்கும். ஆறு பேர்ச் காணியில் நாற்புறமும் மாடிகள் எழுந்த இக்காலத்தில் இக்குணம் சிறிதன்று. முசெண்டாவில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்த் தோன்றும் வகைகள் பிலிப்பைன்ஸ் நாட்டிற் பெருக்கப்பட்டவை. அந்நாட்டு அதிபர்களின் துணைவியர் பெயர்களைச் சிலவற்றுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். அவை அழகியனவே. எனினும் வெண்ணிற இலையொன்றை விரித்து அதன் நடுவே சிறு பொற்பூவை ஏந்தும் நம் நாட்டு முசெண்டாவின் அடக்கத்தை அவற்றிற் காணேன்.

அலரியைப் பற்றி வேறு விதமாகவே சொல்ல வேண்டியுள்ளது. உப்புக் காற்றைத் தாங்குவதில் அதற்கு நிகரான செடிகள் சிலவே. கோயிற் பூசைக்கும் உரியது. ஆயின் செவ்வலரியும் பொன்னலரியும் வேர்முதற் பூவரை நஞ்சுடையவை. அந்நஞ்சு இதயத்தையே தாக்குவது. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அலரி வேண்டா என்பதே என் முடிபு. ஏற்கெனவே இருப்பின், கத்தரித்த கொப்புகளை எரித்துப் புகையைச் சுவாசித்தலும் ஆகாது. குழந்தை எதையேனும் வாயிலிட்டது என்ற ஐயம் எழுந்தால், கைவைத்தியத்தில் நேரம் போக்காது அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். விநாயகருக்கு உகந்த எருக்கின் பாலும் கண்ணிற் படலாகாது.

வேலி தாண்டும் செடிகளும் உள. பல வண்ணச் சிறுபூக்களுக்காக 1826இல் தாவரத் தோட்டத்தின் வாயிலாக இந்நாட்டுக்கு வந்தது நாயுண்ணி. பறவைகள் அதன் கனியைத் தின்று விதையை எங்கும் பரப்பின. இன்று உடவளவை தேசிய வனத்தில் யானைகள் மேயும் புல்வெளிகளை அது மூடி வளர்ந்து நிற்கின்றது. அலங்காரத்துக்கென ஒருவர் நட்டது இருநூறு ஆண்டின் பின் யானையின் வயிற்றில் அடிக்கின்றது! பெயர் தெரியாத புதுச்செடியை வாங்குமுன் அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு பரவுவது என்று விற்போரைக் கேட்பது நன்று.

பூச்சி கண்டவுடன் நஞ்சு தெளிக்கும் ஆவேசத்தையும் சிறிது அடக்குதல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் கம்பகா, கொழும்பு மாவட்டங்களில் பப்பாசி, அரலியா, செவ்வரத்தை ஆகியவற்றை வெண்பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு பூச்சி மூடிக்கொண்டது. தெளித்த மருந்துகள் அதன் மெழுகுப் போர்வையை ஊடுருவப் பெரிதும் திணறின. மறு ஆண்டில் விவசாயத் திணைக்களத்தினர் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு குளவியை வருவித்து விட்டனர். அப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதனை உள்ளிருந்தே அழிக்கும் இயல்பினது அக்குளவி. பப்பாசி மரங்கள் மீண்டன. வீட்டுச் செடியில் நாலு கொப்பில் பூச்சி கண்டால் கொப்பை வெட்டி அகற்றுவதும், சவர்க்கார நீரால் கழுவுவதும் பெரும்பாலும் போதும். மருந்தடித்தால் குளவியும் சேர்ந்தே மாளும்.

இவை யாவற்றினும் முதன்மையாகக் கருதற்குரியது ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டோராகப் பதிவானவர்கள் 1,86,000 பேருக்கும் அதிகம். நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேல் மாகாணமே பெரிதும் துன்புற்றது. டெங்கு நுளம்பு தேடுவது சாக்கடையை அன்று, தெளிந்த நீரை. பூஞ்சாடியின் அடியில் நாம் அழகுக்கு வைக்கும் தட்டு அதற்குப் போதுமானது. முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை அல்லது பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையிற் பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தட்டே இல்லாதிருத்தல் அதனினும் நன்று. இலைக் குடுவையில் நீரைத் தேக்கும் அன்னாசிச் சாதி அலங்காரச் செடிகளை நகர வீட்டார் தவிர்க்கலாம். நுளம்பு பெருக இடங்கொடுப்போருக்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தண்டனையும் விதிக்கின்றது. நிலத்தில் நட்ட வெட்சியும் நந்தியாவட்டையும் இத்தொல்லை தராதவை.

மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் மனந்தளர வேண்டா. பன்னிரண்டு அங்குல வாயுள்ள சாடியில், அடியில் மூன்று துவாரமிட்டு, மண், மணல், கூட்டெரு, தென்னந் தும்புத்தூள் கலந்து நிரப்பி, செங்கற்றுண்டுகளின் மேல் உயர்த்தி வைத்தால் குட்டை வெட்சியும் மல்லிகையும் நன்கு வளரும். தும்புத்தூளை இருமுறை நீரில் அலசிச் சேர்க்க. அதிலும் உப்பு உண்டு.

செடிகளை விலைகொடுத்தே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. செவ்வரத்தை, நந்தியாவட்டை, போகன்விலா ஆகியவற்றில் பென்சில் தடிப்புள்ள முற்றிய கொப்பை எட்டங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, மேலிரு இலைகளை மட்டும் பாதியாக்கி விட்டு, ஈர மணலிற் பாதி ஆழத்துக்கு ஊன்றி நிழலில் வைத்தால் நாலாறு கிழமையில் வேர்விடும். வெட்சி மேலும் சிறிது காலம் எடுக்கும். அவசரப்பட்டு இழுத்துப் பார்ப்பது பிள்ளைகளின் வழக்கம், வேர் அறும்.

நடுவதற்கு ஏற்ற காலம் எது? மழை தொடங்கும் வைகாசியே என்பர் பலர். உள்ளூருக்கு அது பொருந்தும். கடலோரத்தில் அம்மழையோடு கூடவே உப்புக் காற்றும் வருவதால், இளஞ்செடி வேரூன்றுமுன்பே இலை கருகிவிடும். ஐப்பசியில் மழை மிகுதி, காற்றோ குறைவு. அதன்பின் மாசி முடியும்வரை வீசும் வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிச் செல்வது; அதில் உப்பு இல்லை. ஐப்பசி முதல் வாரத்தில் நட்டு, தை மாசியில் மாலைதோறும் ஒரு வாளி நீர் வார்த்துவந்தால், மறு வைகாசியில் கடல் சீறத் தொடங்கும்போது செடிக்கு ஏழு மாத வேர் இருக்கும்.